எந்தப் பலகையில் உட்காருவது

பிள்ளைகளே, நேற்று சாயங்காலம் நீங்கள் மூன்று பேரும் போட்ட சண்டையை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டேன். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் விளையாட்டு விழாப் பட்டியலில் கேரம் போர்டைச் சேர்க்கவில்லை என்று பெரியவளுக்கு அழுகை. உட்கார்ந்த இடத்தில் விரலால் சுண்டுவதெல்லாம் விளையாட்டில் சேருமா, ஓட வேண்டும், வேர்க்க வேண்டும் என்றான் நடுவுலவன். அப்படியென்றால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதும் விளையாட்டா என்று பெரியவள் கேட்டாள். கடைசியில் சின்னவன் என்னிடம் வந்து, "நைனா, நீயே சொல்லு" என்றான். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். பதில் தெரியவில்லை, அதுதான் காரணம். ஆனால் இதே கேள்வியைப் பொழுது விடிந்தால் பத்துப் பேரிடம் கேட்டுக்கொண்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவரைப் பற்றி எழுதி வைத்தால் நீங்களே ஏதாவது முடிவு செய்துகொள்வீர்கள்.

நாராயணவனம் போகிற பாதையில் ஒரு புங்கமரத்தை ஒட்டிக் கட்டுக் கொட்டகை ஒன்று இருந்தது. கட்டு என்றால் எலும்புக் கட்டு. ஒடிந்த எலும்பைப் பொருத்தி, பச்சிலையும் முட்டை வெள்ளையும் தடவி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் சுற்றுவார்கள். சித்தூர், பாகாலா, திருப்பதி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஜனம் வரும். கட்டுகிறவர் வாய் திறக்காத மனிதர். அவருக்கும் சேர்த்துப் பேசியவர் அவருடைய அக்கா. இலை அரைப்பதும் அக்காதான், வரிசை விடுவதும் அக்காதான். தமிழ் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் ஒரே மாதிரி அக்கா என்றே கூப்பிட்டார்கள். வயது நாற்பது இருக்கும். முழங்கை வரைக்கும் எப்போதும் பச்சையாக இருக்கும். அம்மியிலிருந்து தலையைத் தூக்காமலே பேசுவார்.

அப்போது நான் எங்கள் ஊர்ப் பண்ணைக்காரருடைய மாட்டுவண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். என் நைனாவுக்கும் அங்கேதான் வேலை. எங்கள் குடிசை நின்ற மண்ணும் பண்ணையுடையதுதான். ஊரில் யார் விழுந்தாலும் வண்டியில் ஏற்றி என்னைத்தான் அனுப்புவார்கள். திரும்பக் கூட்டிக்கொண்டு வர வேண்டுமே, அதனால் நாளெல்லாம் கொட்டகை வாசலிலேயே கிடப்பேன். அப்படித்தான் அக்காவை இவ்வளவு பார்த்தேன். ஆந்திரா தனி மாநிலமாகி, நம் பக்கம் இங்கேயே இருக்குமா, மெட்ராஸோடு போகுமா என்று ஜனங்கள் பேசிப் பேசி ஓயாத காலம் அது.

கொட்டகைக்கு வெளியே இரண்டு பலகைகள் கிடந்தன. ஒன்று கதவை ஒட்டி, கூரை நிழலில். இன்னொன்று மரத்தடியில். கைக்குழந்தைகள், கிழவர்கள், ரத்தம் ஒழுக வருகிறவர்கள், இவர்களிடம் அக்கா எதுவும் கேட்கமாட்டார். நேரே உள்ளே போகலாம். மற்றவர்கள் யாராக இருந்தாலும் அம்மிக்கு முன்னால் நின்று ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"ஆட்டமா, வேலையா?"

தெலுங்குக்காரர் என்றால் "ஆட்டா, பனா?" வேலை செய்யும்போது ஒடிந்திருந்தால் கதவு ஓரத்துப் பலகை. விளையாடும்போது ஒடிந்திருந்தால் மரத்தடிப் பலகை. கதவு ஓரத்துப் பலகை காலியான பிறகுதான் மரத்தடிக்காரர்களுக்கு முறை வரும். வேலையில் ஒடிந்தவன் வீட்டில் நாளைக்கு அடுப்பு எரிய வேண்டும், விளையாடப் பொழுது இருந்தவனுக்கு உட்காரவும் பொழுது இருக்கும் என்பது அக்கா சொன்ன நியாயம். தம்பி இதில் தலையிட்டதே இல்லை.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நாள் அலிபிரியிலிருந்து டோலி தூக்குகிற ஒருவர் வந்தார். நடக்க முடியாத பக்தர்களைத் தோளில் சுமந்து மலைக்குக் கொண்டுபோகிற வேலை. கணுக்கால் திரும்பி யானைக்கால் மாதிரி இருந்தது. வேலைதான் அக்கா, டோலி தோளிலேயே இருந்தது என்றார். டோலியில் ஆள் இருந்ததா என்று அக்கா கேட்டார். இல்லை, மேலே இறக்கிவிட்டுக் காலி டோலியோடு வந்தோம். நடந்தா, ஓடியா? ஓடித்தான். எதற்கு ஓட்டம்? முன்னால் போனவர்கள் ஓடினார்கள், நாங்களும் ஓடினோம். போய் மரத்தடியில் உட்காரு என்று அக்கா கையைக் காட்டிவிட்டார். அந்த மனிதர் நொண்டிக்கொண்டே பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்துச் சொன்னார், முதலில் கீழே இறங்குகிறவனுக்குத்தான் அடுத்த பக்தர் கிடைப்பார் என்று. அக்காவின் கை நின்றுவிட்டது. அப்போது ஒரு முட்டையை உடைத்துப் பிடித்திருந்தார். வெள்ளை விரல் இடுக்கில் வழிந்து மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது. யோசனை வந்துவிட்டால் அவருக்கு முட்டை ஞாபகம் இருக்காது. "அதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று திட்டி அவரைக் கதவோரம் உட்கார வைத்தார். அன்றைக்கு முழுக்க, ஓடினால் ஆட்டம் என்று நினைத்தேன், ஓட்டத்திலும் வேலை இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அரைத்தார்.

திருப்பதியில் காலேஜ் படிக்கிற பையன் ஒருவன் விரல் ஒடிந்து வந்தான். கிரிக்கெட். அக்கா அதுவரை கிரிக்கெட்டைப் பார்த்ததில்லை. நடித்துக் காட்டு என்று விட்டார். அவன் நல்ல கையில் மூங்கில் பத்தையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் ஓடி ஓடிக் காட்டினான். வரிசையில் இருந்தவர்கள் வலியை மறந்து பார்த்தார்கள். எத்தனை நாள் ஆடுவார்கள் என்று அக்கா கேட்க, பெரியவர்கள் ஐந்து நாள் ஆடுவார்கள் என்றான். ஐந்து நாளும் ஆடி யார் ஜெயிப்பார்கள்? சில சமயம் யாருமே ஜெயிக்கமாட்டார்கள். "எங்க வயல்ல நடவும் அப்பிடித்தான்" என்றாள் ஒரு பொம்பளை. எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அந்தப் பையனிடம் இன்னும் ஏழெட்டுக் கேள்வி கேட்டுவிட்டுத்தான் மரத்தடிக்கு அனுப்பினார்.

அக்காவுக்கும் ஒரு ஆட்டம் உண்டு. மத்தியானம் தம்பி சாப்பிட்டுப் படுத்துவிடுவார். வெயில் தாழ்ந்தால்தான் மறுபடி எலும்பைத் தொடுவார். அந்த இடைவெளியில் அக்காவும் தம்பி பெண்சாதியும் கரிக்கோடு போட்டுத் தாயம் ஆடுவார்கள். காய் வெட்டுப்படுகிற நிலைமை வந்தால் அக்கா புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவார், இலை அரைக்கணும் என்று.

"தோக்கறப்ப மட்டும் உங்களுக்கு எப்பிடியோ வேலை வந்துடுது அண்ணி" என்றார் தம்பி பெண்சாதி ஒரு நாள்.

"வேலைய வுட்டுட்டு இப்பிடி எழுந்து வர முடியுமாடி? இதுல முடியுது. அதாண்டி ஆட்டம்."

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அம்மிக்குப் போனவர், குழவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். தான் சொன்னதைத் தானே திரும்பக் கேட்பது போல.

அதற்குப் பிறகு கேள்வி மாறிவிட்டது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கான்ஸ்டபிள் கால் ஒடிந்து வந்தார். புட்பால் ஆட்டத்தில் ஒடிந்தது. ஆட்டம்தான் என்று அவரே மரத்தடிக்கு நகர்ந்தார். அக்கா கூப்பிட்டு நிறுத்தினார். நடுவில் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போயிருக்க முடியுமா? கான்ஸ்டபிள் சிரித்தார். ஆபீசர் பேர் எழுதி வைத்து இறக்கின ஆட்டம், எப்படிப் போவது? அப்படியானால் கதவோரம் உட்காருங்கள் என்றார் அக்கா. ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருந்த கல் உடைக்கிறவருக்குக் கோபம். பந்து உதைக்கிறது வேலையா என்று கேட்டார். அவருக்கு அக்கா நின்று நிதானமாகப் பதில் சொன்னார். பந்தைப் பார்க்காதே, அவன் காலைப் பார்க்காதே, அவன் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்று பார் என்று. கல் உடைக்கிறவர் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கும் அன்றைக்கு முழுசாகப் பிடிக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது வழி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு போனேன்.

திருமலைப் படிக்கட்டை முழங்காலாலேயே ஏறுகிறேன் என்று வேண்டிக்கொண்டு முட்டி பெயர்ந்து வந்த ஒருவரால்தான் மூன்றாவது பலகை வந்தது. வேலையும் இல்லை, ஆட்டமும் இல்லை. சாமி கணக்கு என்று சொல்லி இரண்டுக்கும் நடுவில் ஒரு பலகையைப் போடச் சொன்னார். நான்தான் தூக்கிப் போட்டேன்.

அந்த நடுப்பலகையை வைத்து ஒரு பெரிய தகராறு நடந்தது. எல்லைச் சண்டை சூடாக இருந்த சமயம். ஒரு காலையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் இந்தப் பக்கம் மெட்ராஸோடு சேர வேண்டும் என்கிறவர். தோள்பட்டை இறங்கியிருந்தது. மற்றவர் ஆந்திராவிலேயே இருக்க வேண்டும் என்கிறவர். மணிக்கட்டு போயிருந்தது. இரண்டும் ஒரே தள்ளுமுள்ளில் ஆனது. வேண்டாம் என்று வீட்டுக்குப் போயிருக்க முடியுமா என்று அக்கா இருவரையும் கேட்டார். போயிருக்கலாம், மனசு கேட்கவில்லை என்று ஒருவர் தமிழில் சொன்னார். மற்றவரும் அதையே தெலுங்கில் சொன்னார்.

"கூலி இல்ல. கட்டாயம் இல்ல. செயிக்கணும்னு மட்டும் ஆசை" என்று அக்கா விரல் மடக்கினார். "அப்ப ஆட்டந்தான?"

அதுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சேர்ந்து அக்கா மேல் பாய்ந்தார்கள். எங்கள் போராட்டத்தை விளையாட்டு என்கிறாயா என்று இரண்டு மொழியிலும் ஏச்சு. அக்கா கோபப்படவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும். பின்னே இது என்ன, சொல்லுங்கள், நான் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டார். அவர்கள் ஏச்சையே திரும்பச் சொன்னார்கள். கடைசியில் சாமி கணக்கில் சேர்த்து இரண்டு பேரையும் நடுப்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்தப் பலகை எந்த மாநிலத்தில் கிடக்கிறது என்று கட்டுப் போடும் வரைக்கும் அவர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவும் நான் வேடிக்கை பார்த்தது. இனி என் கதை.

நான் சடுகுடு ஆடுவேன் என்று உங்களுக்குத் தெரியும். எப்படி ஆடுவேன் என்று தெரியாது. நான் பாடிப் போனால் ஏழு பேரும் பின்வாங்கிக் கடைசிக் கோட்டில் ஒட்டிக்கொள்வார்கள். தை மாதத்தில் ஆற்று மணலில் எங்கள் பண்ணைக்கும் பக்கத்து ஊர்ப் பண்ணைக்கும் ஆட்டம் நடக்கும். பண்ணைக்காரருக்கு அதில் மானப்பிரச்சினை. என்னை அறுப்பிலிருந்து எடுத்துவிட்டு தினம் இரண்டு முட்டை கொடுத்து வைத்திருந்தார். அவர் மகனும் எங்கள் கட்சியில் ஆடினார். அந்த வருஷம் ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் எனக்குக் காய்ச்சல். போகாதே என்று நைனா சொன்னார். ஆட்டத்தன்று காலையில் பண்ணை ஆள் வந்து வாசலில் நின்றான்.  நைனா என் துண்டை எடுத்துக் கையில் கொடுத்தார்.

சாயங்காலம் பாடி வந்தவனின் காலை நான் பாய்ந்து பிடித்தேன். எல்லோரும் மேலே விழுந்தார்கள். அடியில் என் இடது முழங்கையும் பண்ணைக்காரர் மகனுடைய தோள் எலும்பும் மாட்டிக்கொண்டன. ஜெயித்துவிட்டோம்.

மறுநாள் காலை வேறு ஒருவன் வண்டி ஓட்டினான். பண்ணைக்காரரும் கூட வந்தார். கொட்டகையில் கூட்டம். எங்கோ சுவர் இடிந்து விழுந்து கட்டட வேலைக்காரர்கள் கதவோரப் பலகை நிறைய இருந்தார்கள். அக்கா முதலில் பண்ணைக்காரர் மகனைக் கேட்டார். ஆட்டம்தான், முடியாது என்று சொல்லியிருக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போனார். பண்ணைக்காரருக்கு முகம் சிவந்தது. ஆனால் அந்த இடத்தின் முறை அவருக்கும் தெரியும்.

அடுத்து நான். அக்கா அன்றைக்குத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லுப்பா. ஆட மாட்டேன்னு வூட்லயே இருந்திருக்க முடியுமா?"

எனக்குப் பின்னால் இரண்டடியில் பண்ணைக்காரர் நின்றிருந்தார். அவர் செருப்பு மண்ணில் உரசுகிற சத்தம் கேட்டது. முடியாது என்று சொன்னால் கதவோரம் உட்கார்ந்து மத்தியானத்துக்குள் கட்டுப் போட்டுக்கொள்ளலாம். பண்ணைக்காரர் மகனுக்கு முன்னால் போகலாம். ஆனால் அத்தனை ஜனத்துக்கு முன்னால், இவர் என்னைப் பலவந்தமாக ஆட வைத்தார் என்று சொன்னதாகிவிடும். பிறகு நைனா எங்கே வேலைக்குப் போவார், குடிசையை எங்கே கொண்டுபோய் வைப்பது? அது மட்டும் இல்லை. முடியாது என்று சொல்ல எனக்கே மனசு வரவில்லை. நான் ஜெயித்த ஒரே விஷயம் அது. அதையும் வேலை என்று சொல்லிவிட்டால் என்னிடம் என்ன இருக்கும்?

"இருந்திருக்கலாம்க்கா" என்றேன்.

"யோசிச்சி சொல்லு. உன் கையி."

"இருந்திருக்கலாம்."

அக்கா என்னையும் என் தோளுக்கு மேலே பின்னால் நின்றவரையும் ஒரு தரம் பார்த்தார். பிறகு மரத்தடியைக் காட்டினார்.

வெயில் ஏற ஏறக் கை வீங்கியது. பக்கத்தில் பண்ணைக்காரர் மகன் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவருடைய அப்பா நிழல் தேடித் தள்ளிப் போனதும் மெதுவாகச் சொன்னார்.

"எங்க நைனாகிட்ட நான் மட்டும் மாட்டேன்னு சொல்லிட முடியுமா?"

இதை அவர் அக்காவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மத்தியானம் அக்கா தாயம் ஆடப் போகவில்லை. ஈரத்துணியைக் கொண்டுவந்து என் கைமேல் போட்டுவிட்டு எதிரில் குந்திக்கொண்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"ஆடறப்ப நல்லா இருந்திச்சா?"

"இருந்திச்சிக்கா."

"இன்னா நல்லா இருந்திச்சி? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டும்போது மூச்சு மட்டும்தான் இருக்கும், அது தீருகிற வரைக்கும் நான் யார் வீட்டு ஆள் என்றே ஞாபகம் வராது என்று சொன்னேன்.  அக்கா பச்சை பிடித்த நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"போவ மாட்டேன்னும் சொல்ல முடியாது. போனா அப்பிடியும் இருக்குது" என்றார் கடைசியில். "இதுக்கு எங்கிட்ட பலகை இல்லியேப்பா."

அதைச் சொன்னபோது அவர் குரல் எனக்காக வருத்தப்பட்ட மாதிரி இல்லை. தன் கணக்கு தப்பிவிட்டதே என்று திகைத்த மாதிரிதான் இருந்தது. அதனால்தானோ என்னவோ எனக்கு அழுகை வரவில்லை.

எனக்குக் கட்டுப் போடும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. வீக்கத்தின் மேல் எலும்பு சரியாகப் பிடிபடவில்லை என்று தம்பி முதல் தடவையாக வாய் திறந்தார். என் இடது கை முழுசாக நீளாது என்பது உங்களுக்குத் தெரியும். அக்கா மேல் கோபம் உண்டா என்றால், உண்டு. தெரிந்தேதானே உட்கார வைத்தார்? ஆனால் பொய் என்னுடையது. இரண்டையும் நான் இன்னும் பிரித்து முடிக்கவில்லை.

கட்டு அவிழ்க்கப் போன நாளில் கொட்டகையில் ஒரு புதுப் பலகையைப் பார்த்தேன். மூன்றையும் விட்டுத் தனியாக, வேலி ஓரத்தில் கிடந்தது. இது யாருக்குக்கா என்று கேட்டேன். இன்னும் தெரியவில்லை, போட்டு வைத்திருக்கிறேன் என்றார். பிறகு எல்லை பிரித்து முடித்தார்கள். எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அந்தப் பக்கம் போன ஊர்களிலிருந்தும் ஒடிந்தவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். புதுப் பலகையில் யாராவது உட்கார்ந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

அடுத்த தையில் ஆட்டத்துக்கு ஆள் வந்து வாசலில் நின்றான். கை சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். நைனா என்னைப் பார்த்தார். உண்மையில் ஆட முடியாத அளவுக்குக் கை மோசமாக இல்லை. அவர்கள் ஆட்டம் நடந்தது, யாரோ ஜெயித்தார்கள்.

ஆட்டம் முடிந்த மறுநாள் விடிகாலையில் மாடுகளைக் கழுவ ஆற்றுக்கு ஓட்டிப் போனேன். அவற்றைத் தண்ணீரில் விட்டுவிட்டு மணலுக்கு வந்தேன். ஒருவரும் இல்லை. குதிகாலால் நீளமாக ஒரு கோடு கிழித்தேன். எதிரில் ஏழு பேரை நானே நிறுத்தி வைத்துக்கொண்டேன். மூச்சை இழுத்துப் பிடித்து, சடுகுடு சடுகுடு என்று பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டினேன். ஒருவனைத் தொட்டேன். இன்னொருவனையும் தொட்டேன். மூச்சு இன்னும் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. என் இஷ்டத்துக்கு அங்கேயே நிறுத்தினேன். மாடுகளைக் கரையேற்றி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.